எயார் ரைபிளும் அடுத்த வீட்டுக் காதுகளும்: கொழும்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மகளின் சுடுதல் பயிற்சி முடியும்வரை மைதானத்து வாங்கில் காத்திருப்பது எனக்கு இது ஆறாவது வருடம். பக்கத்தில் வந்து அமரும் பெற்றோர் புள்ளிகளைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. "வீட்டிலும் பழக வேண்டும் என்கிறான், சத்தத்துக்கு என்ன செய்வது?" என்றுதான் தொடங்குவார்கள். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் வந்த அந்தக் கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். இதில் பேசப்படுவது 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டுகளை, அதாவது பெலட்டுகளை, காற்றழுத்தத்தால் பத்து மீற்றர் தூரத்திலுள்ள கடதாசி இலக்கில் சுடும் விளையாட்டு மட்டுமே.

எயார் ரைபிளில் வெடிமருந்தே இல்லையே, பிறகு எங்கிருந்து இவ்வளவு சத்தம் வருகிறது?

நான்கு இடங்களிலிருந்து வருகிறது. குழலின் வாயில் அடைபட்டிருந்த காற்று திடீரென விடுபடுவது ஒன்று. துப்பாக்கிக்குள் இருக்கும் சுருள்வில்லும் உந்தியும் (பிஸ்டன்) அடித்துக்கொள்வது இரண்டாவது. பெலட் ஒலியை விட வேகமாகப் பறந்தால் காற்றைக் கிழிக்கும் சத்தம் மூன்றாவது. இலக்குக்குப் பின்னால் பெலட் மோதும் சத்தம் நான்காவது.

பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டும் நினைத்துக் கவலைப்படுகிறார்கள். எங்கள் ஊர் வீடுகளில் அயலவரை உண்மையில் திடுக்கிட வைப்பது நான்காவதுதான். அதோடு, சுடுபவருக்குக் கேட்பதும் மதிலுக்கு அப்பால் கேட்பதும் ஒன்றல்ல. சுருள்வில்லின் அதிர்வு துப்பாக்கிக் கட்டை வழியாகக் கன்ன எலும்புக்குள் நேராக ஏறுவதால், சுடும் பிள்ளைக்கு அது பெரிதாகக் கேட்கும். அடுத்த வீட்டுக்கு அதில் பாதிகூடப் போகாது. ஆகவே எந்த மாற்றத்தைச் செய்தாலும், ஒருவர் சுட, மற்றவர் ஒழுங்கையில் போய் நின்று கேட்க வேண்டும். அதுதான் சோதனை.

வீட்டில் வைத்துச் சுடுவதற்கு அனுமதி வேண்டுமா? இது வெறும் காற்றுத்தானே?

"வெறும் காற்று" என்ற நினைப்போடு எதையும் தொடங்க வேண்டாம். இலங்கையில் துப்பாக்கிகளின் விடயம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தோடும் பாதுகாப்பு அமைச்சோடும் தொடர்புடையது. பிள்ளை சுடும் கழகத்தின் பொறுப்பாளரிடம் முதலில் பேசுங்கள். துப்பாக்கி யாருடைய பெயரில் இருக்கிறது, அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, எங்கே பூட்டி வைக்க வேண்டும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் நேரில் விசாரியுங்கள்.

துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க மட்டும் எழுத்தில் அனுமதி கிடைத்து, வீட்டில் சுடுவதற்குக் கிடைக்காவிட்டால், கீழே உள்ளவற்றில் ஒன்று மட்டுமே உங்களுக்குப் பொருந்தும்: பெலட் இல்லாமல் பழகும் முறை. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் காணி ஆறு பேர்ச்சஸ். அதில் பத்து மீற்றர் எங்கே கிடைக்கும்?

ஆறு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 152 சதுர மீற்றர். வீட்டைக் கட்டிய பிறகு பின்வளவில் மிஞ்சுவது துணி காயப்போடும் இடமும் ஒரு கறிவேப்பிலை மரமும்தான். நீளம் இருப்பது பெரும்பாலும் வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையில் ஓடும் ஒடுங்கிய பக்கவழியில். ஆனால் சத்தத்துக்கு அதைப்போல மோசமான இடம் வேறில்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். இரண்டு சீமெந்துச் சுவர்களுக்கு நடுவில் அது அப்படிப் பரவ முடியாமல், குழாய்க்குள் போவதுபோல் மறுமுனைவரை போய்ச் சேரும்.

முன் விறாந்தையிலிருந்து குசினி வரை வீட்டுக்குள்ளேயே ஒரு நேர்கோடு கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் கதவு எதுவும் வெளியிலிருந்து திறக்க முடியாதபடி தாழிட்டிருக்க வேண்டும். பத்து மீற்றர் கிடைக்காவிட்டால் ஐந்து மீற்றரிலும் பழகலாம்: 45.5 மில்லிமீற்றர் இலக்கைப் பாதியாகச் சுருக்கி அச்சடித்தால் கண்ணுக்கு அதே அளவாகத் தெரியும். பெலட் போடும் துளை மட்டும் சுருங்காது, அதனால் புள்ளிகளைக் கணக்கெடுக்க வேண்டாம்.

எந்த வகைத் துப்பாக்கி சத்தம் குறைந்தது?

குழலை மடித்துச் சுருள்வில்லை இழுக்கும் வகை எல்லோருக்கும் பழக்கமானது. அதில் வாய்ச் சத்தம் குறைவு, உள்ளே அடிக்கும் சத்தம் அதிகம். நல்ல நிலையில் உள்ளது "தக்" என்று ஒரே அடியோடு நிற்கும். பழையது "டொய்ங்" என்று இழுக்கும்; வில் வளைந்திருக்கலாம், உராய்வைக் குறைக்கும் கிறீஸ் காய்ந்திருக்கலாம். அதைத் திறப்பது பழகிய கைகளின் வேலை, அழுத்தத்தில் இருக்கும் வில் பாய்ந்தால் விரல் போய்விடும்.

போட்டிகளில் பயன்படுவது, உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைக்கும் வகை. அதில் உள் சத்தம் அநேகமாக இல்லை, வாயிலிருந்து கூர்மையான "டப்" மட்டும் வரும். போட்டித் துப்பாக்கியின் சக்தி 7.5 ஜூல் அளவில்தான் இருக்கும் என்பதால் அந்த "டப்" சிறியது. இதே வகையில் வேட்டைக்கென்று சக்தி கூட்டிச் செய்யப்பட்டவையும் உண்டு. அவை வீட்டுக்கு உரியவை அல்ல.

பெட்டியில் நொடிக்கு 1200 அடி வேகம் என்று போட்டிருக்கிறது. வேகம் கூடினால் நல்லதுதானே?

இல்லை. 1200 அடி என்பது 366 மீற்றர். கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். அதைத் தாண்டும் பெலட், சாட்டை சொடுக்குவதுபோல் ஒரு வெடிப்பைத் தன் பாதை முழுவதும் எழுப்பிக்கொண்டு போகும். குழலின் வாயில் என்ன செய்தாலும் அந்தச் சத்தம் குறையாது, அது துப்பாக்கியை விட்டுப் போன பிறகு பிறக்கும் சத்தம். பெட்டியில் போடும் எண்ணும் பெரும்பாலும் மிக இலேசான பெலட்டை வைத்து எடுத்தது.

உலகப் போட்டிகளில் சுடுபவர்கள் அரை கிராம் சொச்சம் எடையுள்ள பெலட்டை நொடிக்கு 170 மீற்றர் அளவில்தான் அனுப்புகிறார்கள். அந்த வேகத்தில் அரை மில்லிமீற்றர் அகலப் புள்ளியைத் தொடுகிறார்கள். பிள்ளைக்கு வேண்டியது அதுதான். பாரமான பெலட், குறைந்த வேகம், தட்டையான முகம்: சத்தமும் குறையும், கடதாசியில் துளையும் சுத்தமாக விழும்.

துப்பாக்கிச் சத்தம் பெரிதில்லை. ஆனால் இலக்கில் பட்டவுடன் "டங்" என்று ஊர் முழுக்கக் கேட்கிறது. என்ன செய்யலாம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறவர்கள் இதைச் செய்யுங்கள். வாங்கும்போது கூட வரும் தகரப் பெட்டி, பெலட்டைப் பிடிக்கும், சத்தத்தைப் பிடிக்காது. மெல்லிய தகடு மணி போல அதிரும்.

நான் செய்தது இப்படி. முப்பது சென்ரிமீற்றர் அகலமும் உயரமும், இருபது சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள பலகைப் பெட்டி. பின்புறத்தில் நான்கு மில்லிமீற்றர் இரும்புத் தகடு, பஞ்சிகாவத்தையில் பழைய இரும்பு விற்கும் கடையொன்றில் வெட்டி வாங்கியது. தகட்டுக்கும் பலகைக்கும் இடையில் பழைய சைக்கிள் ரியூப் துண்டுகள், இரும்பு எங்கும் பலகையை நேராகத் தொடாதபடி. முன்பக்கம் தடித்த மட்டை, அதன் மேல் இலக்குக் கடதாசி. நடுவில் உள்ள இடம் முழுவதும் மெத்தென்ற நிரப்பு. பெலட் நிரப்பிலேயே வேகம் இழந்து நின்றுவிட வேண்டும். இரும்புத் தகடு காவலுக்கு மட்டும். தகட்டில் பெலட் படும் சத்தம் கேட்கத் தொடங்கினால் நிரப்பு நடுவில் குழிந்துவிட்டது என்று பொருள், மாற்ற வேண்டிய நாள் அது.

பெட்டியைச் சுவரில் ஆணியடித்து மாட்ட வேண்டாம். சுவர் முழுவதும் ஒலிபெருக்கியாகிவிடும். பாரமான மேசையில், மடித்த தும்புக் கால்மிதியின் மேல் வையுங்கள். பெட்டியைத் தவறவிடும் குண்டுக்காக அதன் பின்னால் அகலமான தடித்த பலகை ஒன்று நிற்க வேண்டும். புதிதாகப் பழகும் பிள்ளை பெட்டியைத் தவறவிடும், அது நிச்சயம்.

நிரப்புவதற்கு மணல் போதாதா? வீட்டில் கட்டட வேலைக்கு வாங்கிய மணல் மூட்டை இருக்கிறது.

மணல் பெலட்டை நிறுத்தும், சத்தத்தையும் அடக்கும். ஆனால் மட்டையில் துளை விழுந்தவுடன் சொரியத் தொடங்கும், ஒவ்வொரு சூட்டுக்கும் தூசு கிளம்பும், அந்தத் தூசில் ஈயம் இருக்கும். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

பழைய துணியை இறுக்கிச் சுருட்டி அடுக்கலாம். கட்டுக் கட்டாகப் பழைய பத்திரிகைகளை வைக்கலாம். "தொப்" என்ற மந்தமான சத்தத்தோடு நிற்கும். டயரிலிருந்து அரிந்த இறப்பர்த் துணுக்குகள் கிடைத்தால் அதுவே சிறந்தது. குழந்தைகள் உருவம் செய்யும், காயாத எண்ணெய்க் களியைத் தகட்டில் மூன்று விரல் தடிப்புக்கு அப்பி வைத்தவர்களும் உண்டு. அதில் பெலட் போய் ஒட்டிக்கொள்ளும், சத்தம் மிகக் குறைவு, செலவுதான் அதிகம். யன்னல் கண்ணாடியைப் பொருத்தப் பூசும் பட்டி (putty) காய்ந்து கல்லாகிவிடும், அதைப் பயன்படுத்த வேண்டாம்.

எந்த நிரப்பானாலும் வெளியே எடுக்கும்போது கையுறை போட்டு, நிலத்தை ஈரத் துணியால் துடைத்து, கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். தும்புத்தடியால் கூட்டினால் ஈயத் தூசு எழும்பும். சின்னப் பிள்ளைகள் தவழும் வீடென்றால் இந்த வேலையை வெளியில் செய்யுங்கள்.

சுவரில் முட்டைத் தட்டு ஒட்டினால் சத்தம் போகாது என்கிறார்களே?

அது பரவலான நம்பிக்கை, பலன் அநேகமாக இல்லை. சத்தத்தை மறுபக்கம் போகவிடாமல் தடுப்பது பாரம்: செங்கல், தடித்த பலகை, நன்றாக மூடும் கதவு. அறைக்குள் எதிரொலியை உறிஞ்சுவது தடித்த, நுண்துளையுள்ள மென்மையான பொருள்: மெத்தை, தும்பு, தடித்த திரைச்சீலை, துணி நிறைந்த அலுமாரி. முட்டைத் தட்டில் பாரமும் இல்லை, தடிப்பும் இல்லை. இரண்டு பழைய தும்பு மெத்தைகளைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தால் அதைவிடப் பன்மடங்கு பயன். மதிலோரம் குரோட்டன் வரிசை நட்டால் சத்தம் குறையும் என்பதும் இதே வகைதான். செடி அழகுக்கு நல்லது, ஒலி அதனூடாகப் போய்விடும்.

பின்னால் தகரக் கொட்டில் இருக்கிறது. அதற்குள் சுட்டால் மறைவாகவும் இருக்கும் அல்லவா?

தகரம் அதிரும், எதிரொலிக்கும், சத்தத்தைத் தடுக்கவும் பாரமில்லாதது. இலக்குப் பெட்டியைப் பற்றி மேலே சொன்ன "மணி"யை வீடளவு பெரிதாக்கி அதற்குள் நின்று சுடுவதற்குச் சமம். அஸ்பெஸ்டஸ் கூரை போட்ட கொட்டிலாக இருந்தால் தவறிப்போன குண்டு கூரையை உடைத்துத் தூசு விழும் ஆபத்தும் சேரும்.

கேள்வியில் உள்ள "மறைவாக" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் சத்தத்தைக் குறைப்பது அயலவர் நிம்மதியாக இருப்பதற்கு. அவர்களுக்குத் தெரியாமல் சுடுவதற்காக என்றால் இந்தப் பக்கம் உங்களுக்கு உதவாது.

அறைக்குள் நின்று, திறந்த கதவு வழியாகப் பின்வளவில் உள்ள இலக்கைச் சுடலாமா?

இடம் குறைந்த வீடுகளுக்கு இது நல்ல ஏற்பாடு. வாசலோடு ஒட்டி நிற்காமல் ஓரிரு மீற்றர் உள்ளே தள்ளி நில்லுங்கள். வாய்ச் சத்தம் அறைக்குள் பிறந்து, கட்டிலிலும் திரைச்சீலையிலும் பெரும் பகுதி அடங்கி, மிச்சம்தான் வெளியே வரும். மகளோடு இதைச் சோதித்துப் பார்த்தோம். வாசலில் நின்று சுட்டபோது மதிலுக்கு அப்பால் தெளிவாகக் கேட்ட "தக்", படுக்கையறையின் நடுவில் நின்று சுட்டபோது யாரோ புத்தகத்தை மூடியதுபோல் கேட்டது.

கதவுக்கும் இலக்குக்கும் இடையே யாரும் குறுக்கே வர முடியாது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். பக்கவழிக் கேற்றைப் பூட்டுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர், பூனையைத் தேடி வரும் அடுத்த வீட்டுப் பிள்ளை, எரிவாயு கொண்டுவருபவர் எல்லோரும் அந்த வழியாகத்தான் வருவார்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் ஒரு குண்டும் போடக்கூடாது.

கடற்காற்றில் துருப்பிடிக்கிறது என்று எண்ணெய் விட்டேன். அடுத்த நாள் பெரிய வெடிச் சத்தமும் புகையும் வந்தன. உடைந்துவிட்டதா?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். நீங்கள் எண்ணெயைக் காற்று அழுத்தப்படும் அறைக்குள் விட்டிருக்கிறீர்கள். உந்தி பாயும்போது அங்கே காற்று கணப்பொழுதில் கடுமையாகச் சூடாகும். எண்ணெய் ஆவி தீப்பற்றும். டீசல் இயந்திரம் வேலை செய்வதும் இப்படித்தான். பெலட் வேண்டாத வேகத்தில் பறக்கும், அடைப்பு வளையம் கருகும், சத்தம் உண்மையான துப்பாக்கி போலவே இருக்கும்.

துருவுக்கு எண்ணெய், துணியில் ஒரு துளி எடுத்து வெளிப்புற இரும்பில் மட்டும். கடற்கரை வீடென்றால் சுட்ட அன்றே துடையுங்கள், வியர்த்த கை பட்ட இடம் முதலில் துருப்பிடிக்கும். உறைக்குள் பூட்டி மாதக்கணக்கில் வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். மேலே கேட்டவரின் நிலையில் இருந்தால் மேற்கொண்டு சுடாமல் திருத்துநரிடம் காட்டுங்கள்.

சைலன்சர் ஒன்றைப் பூட்டினால் இவ்வளவு பாடும் தேவையில்லையே? போத்தலை வெட்டிச் செய்யலாம் என்று காணொளி பார்த்தேன்.

வேண்டாம். செய்யும் முறையையும் நான் எழுதமாட்டேன். சுருள்வில் வகையில் சத்தத்தின் பெரும்பகுதி உள்ளே அடிப்பது, அதற்கு வாயில் எதைப் பூட்டினாலும் வித்தியாசம் சொற்பம். போட்டித் துப்பாக்கியில் வாய்ச் சத்தமே சிறியது. கையால் செய்தது ஒரு மயிரிழை சரிந்திருந்தாலும் பெலட் அதில் உரசித் திசை மாறும். அது எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த நாட்டில் வீட்டைச் சோதிக்க வரும் ஒருவர் கண்ணில் அப்படி ஒன்று பட்டால், அவர் அதை விளையாட்டுப் பொருளாகப் பார்க்கமாட்டார். தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

தொடர்மாடியில் நான்காம் மாடியில் இருக்கிறோம். ஏதாவது வழி உண்டா?

பெலட்டோடு சுடுவதற்கு என்றால், என் பதில் இல்லை. ஒரே கொங்கிறீற்றுத் தளம் எல்லா வீடுகளையும் இணைக்கிறது. பெட்டியில் படும் அதிர்வு தளத்தின் வழியாகக் கீழ்வீட்டுக் கூரைக்கே இறங்கும். அங்கே படுத்திருப்பவருக்குத் தலைக்கு மேல் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருக்கும், அதுவும் போட்டி எண்ணிக்கையான அறுபது தடவை. யன்னல் வழியாகத் தவறும் குண்டு விழப்போவது ஒழுங்கையில். பெலட் இல்லாப் பயிற்சியைத் தாராளமாகச் செய்யுங்கள்.

தொலைபேசிச் செயலியில் 62 டெசிபல் காட்டுகிறது. சட்டத்துக்கு உட்பட்டதுதானே?

1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் மாநகர சபைப் பகுதிகளுக்குப் பகலில் 63, இரவில் 50 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. ஆனால் உங்கள் எண்ணை அதோடு ஒப்பிட முடியாது. அந்த எல்லை ஒரு கால அளவின் சராசரிக்கு உரியது. உங்கள் சத்தமோ கணப்பொழுதில் எழுந்து மறையும் ஒன்று, தொலைபேசியின் ஒலிவாங்கி அதன் உச்சியைப் பிடிப்பதற்குள் அது முடிந்துவிடும்.

செயலி ஒப்பிடுவதற்கு மட்டும் உதவும்: பழைய பெட்டிக்கும் புதிய பெட்டிக்கும், ஒரே இடத்தில், ஒரே தொலைபேசியில். பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழப் பாதியானதுபோல் தோன்றும். மூன்று குறைந்தால் கவனித்துக் கேட்டால்தான் தெரியும்.

எங்கள் வீடு கடற்கரை ரயில் பாதையோரம். ரயில் போகும்போது சுட்டால் யாருக்கும் தெரியாதே?

தகரக் கொட்டிலுக்குச் சொன்ன பதில்தான் இதற்கும். அதோடு, இரைச்சலுக்காகக் காத்திருந்து அவசரமாகச் சுடும் பிள்ளை, மூச்சை அடக்கி விசையை மெல்ல அழுத்தும் பழக்கத்தையே இழந்துவிடும்.

அயலவருக்குச் சொல்லத்தான் வேண்டுமா? சொன்னால் வீண் பயம் என்று நினைக்கிறோம்.

சொல்லத்தான் வேண்டும், முதல் குண்டுக்கு முன். நான் இதில் தவறியவன். தொடங்கிய காலத்தில் சத்தம் சிறியதுதானே என்று யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மாலை, அடுத்த வீட்டு அம்மா யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தும் ஒலி கேட்டது. பிறகு அவருடைய மகள் வந்து மெதுவான குரலில் கேட்டார்: "அண்ணா, அது என்ன சத்தம்? அம்மா கட்டிலுக்குக் கீழே போய் இருக்கிறா." அந்த அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னி வழியாக இங்கே வந்தவர். எத்தனை டெசிபல் என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. அது என்ன வகைச் சத்தம் என்பதை அவருடைய உடம்பு முடிவு செய்துவிட்டது.

கொழும்பில் அப்படிப்பட்ட ஒருவர் இல்லாத ஒழுங்கை இல்லை. 1983 ஜூலையைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று குண்டு வெடித்த கொச்சிக்கடைத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கொட்டாஞ்சேனை முழுவதும் இருக்கிறார்கள். சிங்கள, முஸ்லிம் அயலவருக்கும் அவரவர் நினைவுகள் உண்டு.

ஆகவே போய்ச் சொல்லுங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். துப்பாக்கியை எடுத்துப் போக வேண்டாம். துளை விழுந்த இலக்குக் கடதாசியை எடுத்துப் போங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல இலங்கைக்காகச் சுட்டது இதே பத்து மீற்றர் போட்டியில்தான் என்று சொன்னால், எந்த மொழிக்காரரின் முகமும் சற்றுத் தளரும். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதையும், உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்து, இங்கே ஒருவர் சுட, சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

எந்த நேரம் நல்லது?

நாங்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவோம். மதியத் தூக்க நேரம், மாலை விளக்கேற்றும் நேரம், பள்ளிவாசல் தொழுகை நேரம், போயா நாள் ஆகியவற்றைத் தவிர்க்கிறோம். ஒழுங்கையில் மரண வீடு என்றால் எட்டு நாட்களுக்குத் துப்பாக்கி வெளியே வராது. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் பக்கத்து வீட்டில் படிக்கும் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காகத் தொல்லை தாங்க முடியவில்லை. பழகும்போதே அதையும்...

இல்லை. உயிர்களைச் சுடும் கேள்விகளை நான் எடுப்பதில்லை. இலங்கையில் பெரும்பாலான பறவைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. மேல்நோக்கிச் சுட்ட பெலட் மதிலைத் தாண்டித்தான் விழும்.

சத்தம் குறைவுதானே, காதுக்கு அடைப்பான் வேண்டுமா?

வேண்டும், பக்கத்தில் நிற்கும் பெரியவருக்கும் சேர்த்து. முதல் கேள்வியில் சொன்னபடி சுடுபவருக்குக் கேட்பதுதான் அதிகம், அறைக்குள் சுட்டால் இன்னும் அதிகம். கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம்.

சத்தமே இல்லாமல் பழக வழி இருக்கிறதா?

இருக்கிறது. உலகின் சிறந்த சுடுநர்கள் தங்கள் பயிற்சியில் பெரும் பங்கைக் குண்டு போடாமலே செய்கிறார்கள். நிற்பது, மூச்சை விடுவது, குறியை நிலைநிறுத்துவது, விசையைக் கடைசிவரை அசையாமல் அழுத்துவது, அழுத்திய பிறகும் குறியைப் பார்த்துக்கொண்டே இருப்பது. இவற்றில் எதற்கும் பெலட் தேவையில்லை. ஐந்தரை கிலோகிராம் வரை எடையுள்ள துப்பாக்கியைத் தாங்கிக்கொண்டு போட்டியில் 75 நிமிடங்களுக்குள் அறுபது சூடு முடிக்கும் முதுகும் தோளும் இப்படித்தான் உருவாகின்றன.

போட்டித் துப்பாக்கிகளில் காற்று விடாமல் விசையை மட்டும் வேலை செய்ய வைக்கும் அமைப்பு உண்டு. "டிக்" என்று பேனா மூடி திறப்பதுபோல் ஒரு ஒலி, அவ்வளவுதான். சுருள்வில் வகையில் பெலட் இல்லாமல் ஒருபோதும் விசையை விடாதீர்கள். எதிரே தாங்கிக்கொள்ளப் பெலட் இல்லாமல் உந்தி போய் உருளையின் முனையில் மோதும், உள்ளே நொறுங்கும். அந்த வகை வைத்திருப்பவர்கள் வில்லை இழுக்காமலே, தூக்கிக் குறிபார்த்து நிலைநிறுத்துவதை மட்டும் பழகலாம். குழலில் பொருத்தும் மின்னணுப் பயிற்சிக் கருவிகளும் உண்டு. குறி எப்படி அலைந்தது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும். விலை அதிகம். கழகம் ஒன்றை வாங்கி எல்லாப் பிள்ளைகளும் மாறி மாறிப் பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஒத்தது.

வெறும் துப்பாக்கி என்றாலும் விதி மாறாது: ஒவ்வொரு தடவையும் குழல் காலியா என்று பார்க்க வேண்டும், பாதுகாப்பான சுவரை நோக்கித்தான் நிற்க வேண்டும்.

எல்லாம் செய்தோம். ஆறு மாதம் ஒன்றும் சொல்லாத பக்கத்து வீட்டார் இப்போது முறைப்பாடு செய்கிறார்கள். என்ன செய்வது?

அன்றே நிறுத்துங்கள். பிறகு போய்க் கேளுங்கள். பெரும்பாலும் அங்கே ஏதோ மாறியிருக்கும்: பிறந்த குழந்தை, சத்திரசிகிச்சை முடிந்து வந்த ஒருவர், இரவு வேலைக்கு மாறிய மகன். பெட்டியின் நிரப்பு குழிந்து உங்கள் சத்தம்தான் கூடியிருக்கவும் கூடும், அதையும் பாருங்கள். நாள் மாற்றினால் போதும் என்றால் மாற்றுங்கள். போதாது என்றால் பெலட்டுகள் கழகத்தில், வெறும் பயிற்சி வீட்டில்.

எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான். அடுத்த வீட்டு அம்மாவுக்குச் சத்தம் பழகிவிட்டது என்று அவருடைய மகள் சொன்னார், ஆனாலும் என் மகள் திரும்பத் தொடங்க விரும்பவில்லை. ஞாயிறு பத்து மணிக்கு விறாந்தையில் வெறும் துப்பாக்கியோடு நிற்கிறாள். பக்கவழிக் கேற் திறந்திருக்கிறது. அந்த அம்மா சில நாட்களில் ஒரு கதிரையைப் போட்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் கை நடுங்குகிறதா என்று பார்த்துச் சொல்கிறார்.